மென்பொருட் கொள்கலம்: படிமம் ஆக்கலும் இயக்கலும்

மென்பொருள் தனித்து நின்று இயங்குவதொன்றன்று. துணைநிரல்களையும், அவற்றின் குறித்த பதிப்புகளையும், அமைவுக் கோப்புகளையும் அஃது அவாவி நிற்கும். எழுதியவர் கணினியிற் செவ்வனே இயங்கிய நிரல் பிறிதொரு கணினியில் இடறுதற்குக் காரணம், பெரும்பாலும் இத்துணைகளுள் ஒன்று ஆண்டு இல்லாமையோ, வேறு பதிப்பாய் அமைந்தமையோ ஆம். நிரலையும் அதன் துணைகளையும் ஒருங்கே பொதிந்து, சென்றவிடமெல்லாம் ஒருபடித்தாய் இயக்க எழுந்ததே கொள்கலமுறை.

பெயர் கப்பற்றுறையினின்று வந்தது. 1956 ஏப்பிரில் 26 இல் 'ஐடியல் எக்ஸ்' என்னுங் கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குச் சுமந்து சென்றது. பெட்டியின் அளவு தெரிந்தாற் போதும்; உள்ளிருப்பது யாதென்பது பாரந்தூக்கிக்கு வேண்டுவதன்று. கணினியுலகில் இக்கருத்து மெல்லவே முதிர்ந்தது. 1979 இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு நிரலின் பார்வையை ஒரு கோப்பகத்துள் அடக்கும் வழி இருந்தது. 2000 இல் ஃபிரீபிஎஸ்டி 'சிறை' என்னும் அமைப்பைத் தந்தது. 2008 இல் வள அளவைக் கட்டுப்படுத்தும் பகுதி லினக்ஸிற் சேர்ந்தது. 2013 இல் வந்த டொக்கர் இவற்றைப் புதிதாகக் கண்டதன்று. படிமத்தை எளிதில் ஆக்கவும் பகிரவும் வழி செய்தமையே அதன் பெருமை.

படிமம் வேறு, கொள்கலம் வேறு. படிமம் மாறாது கிடப்பது; அதனை இயக்கும்போது தோன்றுவது கொள்கலம். ஒரு படிமத்தினின்று நூறு கொள்கலங்கள் தோன்றலாம். மெய்ந்நிகர்க் கணினி போலக் கொள்கலம் தனக்கென ஓர் இயங்குதள உள்ளகம் உடையதன்று; தாங்கு கணினியின் உள்ளகத்தையே பகிர்ந்துகொள்ளும். விரைவில் தொடங்குவதும் அதனால். தடுப்புச் சுவர் மெலிதாயிருப்பதும் அதனாலேயே.

நமக்கு வேண்டிய படிமத்தை ஆக்கும் முறையை ஒரு பைதன் நிரல் கொண்டு விளக்குவாம். ஆக்கக் கட்டளைகள் 'டொக்கர்ஃபைல்' என்னும் கோப்பில் எழுதப்படும். முதலடி அடிப்படைப் படிமத்தைக் குறிக்கும். நன்னூலார் கூறும் முதனூல், வழிநூல் உறவு இதற்கு ஒருவாறு பொருந்தும். பின்னர்த் துணைநிரற் பட்டியலை மட்டும் உட்படுத்தி, அவற்றை நிறுவி, அதன் பின்னரே நாம் எழுதிய நிரலைச் சேர்த்தல் வேண்டும். இவ்வரிசை எற்றுக்கெனின், கோப்புகளை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் ஓர் அடுக்கை உண்டாக்கும். மாறாத அடுக்குகள் மீண்டும் ஆக்கப்படா. ஓரடுக்கு மாறினால் அதன் மேலுள்ளன யாவும் புதிதாக ஆக்கப்படும். நாடோறும் மாறுவது நிரல். துணைகள் அருகியே மாறும். நிரலை முதலில் வைப்பவர் ஓரெழுத்தைத் திருத்தினும் துணைகள் அனைத்தும் மீள நிறுவப்படக் காத்திருப்பர்.

அடுக்குகளின் இயல்பை அறியாமையால் விளையும் பெருங்கேடு ஒன்றுண்டு. கடவுச்சொற் கோப்பை ஓரடுக்கிற் சேர்த்து, மேலடுக்கில் அதனை அழித்துவிட்டால் அது போயிற்றென்று எண்ணுவார் பலர். அது போவதில்லை. மேலடுக்கு மறைப்புக் குறியொன்றை இடுகின்றதேயன்றிக் கீழடுக்கைத் தொடுவதில்லை. படிமத்தைப் பெற்ற எவரும் கீழடுக்கைப் பிரித்து அக்கோப்பைப் படிக்கலாம். ஆதலின் மறைபொருளை ஆக்கத்துட் புகவிடாமையே காப்பு. புகுந்து வெளிச்சென்றதாயின், படிமத்தை அழிப்பதோடு அமையாது அக்கடவுச்சொல்லையே மாற்றுதல் வேண்டும்.

படிமத்தின் பெயர்ச்சீட்டும் நிலையானதன்று. 'லேட்டஸ்ட்' என்பது அண்மைக்காலத்தது என்று பொருள்படினும், வேறு சீட்டு இடாதவழி இடப்படும் பெயரே அது. இன்று ஒரு படிமத்தையும் நாளை வேறொன்றையும் சுட்டலாம். உள்ளடக்கத்தினின்று ஷா-256 முறையாற் கணிக்கப்படும் குறியே மாறாதது. ஆயின் மாறாமைக்கும் ஒரு விலையுண்டு. 2021 டிசெம்பரில் லொக்4ஜே என்னும் ஜாவாத் துணைநிரலிற் கொடிய குறை வெளிப்பட்டபோது, தாங்கு கணினியைத் திருத்தியது மட்டும் போதாதாயிற்று. படிமங்களுள் பொதிந்து கிடந்த பழைய பதிப்பு அவ்வாறே கிடந்தது. இயங்கும் கொள்கலத்துட் புகுந்து திருத்தினும், அது நீக்கப்பட்டதும் திருத்தமும் நீங்கும். படிமத்தையே மீள ஆக்கல் வேண்டும்.

இயக்குவார் கருதற்பாலன சில. கொள்கலம் தன்னுள் எழுதுவன அதனை நீக்கும்போது அழியும். தரவுத்தளம் போல்வனவற்றை வெளியேயுள்ள சேமிப்பில் இணைத்தல் வேண்டும். வேறு பயனரைக் குறிப்பிடாதவழி நிரல் முதன்மைப் பயனரின் முழு அதிகாரத்தோடு இயங்குவது பொதுவழக்கு. 2019 பெப்ருவரியில் ரன்சி என்னும் இயக்கியிற் காணப்பட்ட குறை, அவ்வதிகாரத்தோடு இயங்கிய தீய கொள்கலம் தாங்கு கணினியையே கைப்பற்ற இடந்தந்தது. நிறுத்துதலிலும் நுட்பமுண்டு. நிறுத்துக என்றதும் டொக்கர் முதற்கண் ஓர் அறிவிப்பை அனுப்பும். 10 விநாடியுள் நிரல் முடியாதாயின் வலிந்து நிறுத்தும். கொள்கலத்துள் முதலாவதாக இயங்கும் நிரல், அவ்வறிவிப்பைக் கேட்குமாறு எழுதப்படாவிடின், அதனைப் பொருட்படுத்தாது. தொடக்கக் கட்டளையை ஷெல் வழியாகத் தருமிடத்து முதலாவதாக நிற்பது ஷெல்லே ஆகலாம். அறிவிப்பு நிரலைச் சென்றடையாது. அவ்வழி, எழுதி முடியாத கோப்பு பாதியில் நின்றுவிடும். கட்டளையைச் சதுர அடைப்புள் பட்டியலாக எழுதினால் நிரல் நேரே இயங்கி அறிவிப்பைத் தானே பெறும்.