கிளைடு: பெட்ரோல் தீர்ந்த பிறகு வரும் சொல்

போன செமஸ்டர் லீவில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது நடந்தது. பாதி மலையில் பைக் ரெண்டு முறை இருமிவிட்டு நின்றுபோச்சு. ரிசர்வும் எப்பவோ முடிஞ்சிருக்கு, நான் கவனிக்கலை. பங்க் அடிவாரத்தில்தான். நியூட்ரலில் போட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிச்சு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவாக உருட்டிக்கொண்டு வந்தோம். (தயவுசெய்து யாரும் இதை ஸ்டைலுக்காகச் செய்யாதீங்க. பிரேக் சூடேறி எங்களுக்கு உயிர் போய் வந்தது.) பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஏரோ டிபார்ட்மென்ட். "மச்சி, இதுதாண்டா கிளைடு. பெட்ரோல் இல்ல, உயரம் மட்டும் இருக்கு" என்றான்.

லீவு முடிஞ்சு வந்தால் மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பில் அதே சொல். போர்டில் அணுக்களை வரிசை வரிசையாக வரைந்துவிட்டு "டிஸ்லொகேஷன் கிளைடு" என்றார் சார். அதுவரை கிளைடு என்றால் வழவழவென்று, கஷ்டமே இல்லாமல் போவது என்றுதான் நினைச்சிட்டிருந்தேன். ஸ்கேட்டிங் மாதிரி, வெண்ணெயில் கத்தி போற மாதிரி. இந்தச் சொல் எங்கிருந்து வந்துச்சுன்னு தோண்ட ஆரம்பிச்சது அன்றைக்குத்தான்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது 'கிளீடன்'. பிற்காலத்தில் ஆங்கிலத்தின் நெடில் 'ஈ' ஒலிகள் மொத்தமாக 'ஐ' பக்கம் நகர்ந்தபோது, இதுவும் கூடவே போய்க் கிளைடு ஆனது. ஜெர்மனில் இதன் உறவுக்காரன் 'கிளைட்டன்' இன்னும் அன்றாடப் புழக்கத்தில் இருக்கிறான். ரைடு, ரோட், ரிடன் என்று ஸ்கூலில் மனப்பாடம் பண்ணினோமே, கிளைடும் ஒரு காலத்தில் அந்தக் கோஷ்டிதான். இறந்தகாலம் 'கிளோட்' என்றிருந்தது. அப்புறம் சாதாரணமாக 'கிளைடட்' ஆகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் மட்டும் பழைய முறையை இன்னும் விடவில்லை.

அதற்கும் முன்னால் போனால், ஆங்கிலத்தில் 'கிள' என்று தொடங்கும் பெரிய குடும்பம் ஒன்று இருக்கிறது: கிளாஸ், கிளிட்டர், கிளோ, கிளாஸி. எல்லாம் பளபளப்பு, வழவழப்பு. சந்தோஷத்தைச் சொல்லும் 'கிளாட்' கூட முதலில் 'பிரகாசமான' என்ற பொருளில் இருந்த சொல். ஜெர்மனில் அதன் ஜோடி இன்றைக்கும் 'வழுவழுப்பான' என்றே பொருள் தருகிறது. கிளைடும் இந்தக் குடும்பமாகத்தான் இருக்கணும் என்பது சொல்லாய்வாளர்களின் கணிப்பு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பறவைக் கதை. இதே வேரிலிருந்து பழைய ஆங்கிலத்தில் 'கிளிடா' என்று ஒரு பெயர்ச்சொல் வந்தது. அதற்குப் பொருள் பருந்து! இறக்கையை அடிக்காமல் போகிறவன் என்று அர்த்தம். ஸ்காட்லாந்துப் பக்கம் பருந்தை 'கிளெட்' என்று அழைக்கும் வழக்கம் பின்னாலும் தொடர்ந்தது. கிளைடர் என்று மனுஷன் ஒரு பொருளுக்குப் பேர் வைப்பதற்குப் பல நூற்றாண்டு முன்னாடியே ஒரு பறவைக்கு அந்தப் பேர் இருந்திருக்கு.

சரி, தமிழில் இதை எப்படிச் சொல்வது? 'வழுக்கு' என்றால் அடுத்து 'விழு' வந்துடும். 'சறுக்கு' என்றாலும் ஆனைக்கே அடி சறுக்கும், அது பெருமையான விஷயமில்லை. 'மிதத்தல்' பருந்துக்குப் பொருந்துது, ஆனா மிதப்பது கீழே இறங்குவதைச் சொல்லாது. எனக்கு நெருக்கமாகப் படுவது 'நழுவு'. பழைய ஆங்கிலச் சொல்லுக்கும் சத்தமில்லாமல் நழுவி மறைவது என்ற பொருள் இருந்தது. அட்டெண்டன்ஸ் முடிஞ்சதும் பின் கதவு வழியாக நாம் செய்வது, அந்தக் கால ஆங்கிலேயருக்கு கிளைடுதான்.

மொழியியல்காரர்கள் இந்தச் சொல்லை நம்ம வாய்க்குள்ளேயே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். ய், வ் மாதிரி ஒலிகளை ஆங்கில ஒலியியலில் கிளைடு என்பார்கள். 'மணி அடிச்சாச்சு' என்று நிறுத்தாமல் சொல்லிப் பாருங்க. 'மணியடிச்சாச்சு' என்றுதான் வரும். அந்த 'ய்' நாம் முயற்சி செய்து போட்டதில்லை. 'இ'யிலிருந்து 'அ'வுக்கு நாக்கு நகரும் வழியில் தானாகப் பிறந்தது. 'பூ அழகு' பூவழகு ஆவதும் அப்படியே. பத்தாம் வகுப்பில் நம்மைப் படுத்திய உடம்படுமெய் இதுதான்! இ, ஈ, ஐ வந்தால் ய், மற்ற உயிர்களுக்கு வ், ஏ என்றால் ரெண்டும் வரலாம் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் எழுதிவைத்தது 13ஆம் நூற்றாண்டில். விதி மாதிரி படிச்சதால் கசந்தது. நாக்கு எந்த இடத்தில் இருக்கிறது, எங்கே போகணும் என்று பார்த்தால் மனப்பாடமே தேவையில்லை.

இப்போ அந்த மெட்டீரியல் சயின்ஸ் வகுப்பு. ஒரு உலோகப் படிகத்தில் ஒரு அணு அடுக்கை இன்னொன்றின் மேல் மொத்தமாக நகர்த்த எவ்வளவு விசை வேணும் என்று 1926இல் ஃப்ரெங்கல் கணக்குப் போட்டார். நிஜ உலோகமோ அந்தக் கணக்கைவிட ஆயிரம் மடங்குக்கும் குறைவான விசையில் வளைந்து கொடுத்தது. எங்கே தப்பு? 1934இல் டெய்லர், ஒரோவன், போலன்யி என்று மூன்று பேர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள். அடுக்கு மொத்தமாக நகர்வதில்லை. கல்யாண மண்டபத்தில் விரிச்ச பெரிய ஜமுக்காளத்தை அப்படியே இழுத்தால் வராது. ஒரு ஓரத்தில் சுருக்கம் உண்டாக்கி, அந்தச் சுருக்கத்தை மறு ஓரம் வரை தள்ளிவிட்டால் ஜமுக்காளம் கொஞ்சம் நகர்ந்திருக்கும். படிகத்தில் அந்தச் சுருக்கம்தான் டிஸ்லொகேஷன், அது தன் தளத்திலேயே வழுக்கிப் போவதுதான் கிளைடு. ஒரோவனும் போலன்யியும் எழுதியது ஜெர்மனில், ஒரோவனின் கட்டுரைத் தலைப்பிலேயே அந்தக் 'கிளைட்' இருக்கிறது.

இதே டிஸ்லொகேஷன் தன் தளத்தை விட்டு மேலேயோ கீழேயோ போகணும் என்றால் அதற்குப் பேர் 'கிளைம்ப்', ஏறுதல். அதற்கு அணுக்கள் இடம் மாறி ஊடுருவணும், நல்ல சூடு வேணும். ஏற செலவு அதிகம், கிளைடுக்குக் குறைவு. இதைக் கேட்டதும் எனக்கு ஏற்காடு ஞாபகம் வந்தது.

விமானத்துக்கு வருவோம். என்ஜின் இல்லாமல் முன்னால் போக விமானத்துக்கு இருப்பது அதன் உயரம் மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தை விற்றுத் தூரம் வாங்குகிறது. ஒரு மீட்டர் இறங்கினால் எத்தனை மீட்டர் முன்னால் போகலாம் என்பது கிளைடு விகிதம். காற்றசைவில்லாத இடத்தில் அது லிஃப்ட்டுக்கும் டிராகுக்கும் உள்ள விகிதமேதான். போட்டிகளில் பறக்கும் பெரிய கிளைடர்களில் இது 60 வரை போகும். ஸ்பேஸ் ஷட்டிலுக்கு வெறும் 4.5 சுமார், செங்கல் என்று கிண்டல் பண்ணுவார்கள். எடை கூடினால் போகும் தூரம் குறையும் என்று நான் நினைச்சது தப்பு. எடை கூடினால் வேகம்தான் கூடும், விகிதம் மாறாது. அதனால்தான் போட்டிக் கிளைடர்களில் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்புகிறார்கள்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தான இடம். தூரம் பத்தலைன்னா மூக்கைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கை தானாகப் பின்னால் இழுக்கும். தூக்கினால் வேகம் குறையும், டிராக் கூடும், கடைசியில் இறக்கை லிஃப்ட்டையே இழக்கும். நாரைகளைப் பார்த்துப் பறக்கக் கற்ற ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ லிலியென்தால், சுமார் 2,000 முறை பறந்தவர், 1896 ஆகஸ்ட் 9 அன்று இப்படி லிஃப்ட் போய் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். மறுநாள் இறந்துபோனார். அந்தச் செய்திதான் ரைட் சகோதரர்களைப் பறப்பதைப் பற்றித் தீவிரமாக யோசிக்க வைத்தது.

இப்போ கில்மி இல்லை, கிம்லி. எனக்கே இந்தப் பேர் குழம்பும். கனடாவில் மனிடோபா மாகாணத்தில் உள்ள சின்ன ஊர்.

1983 ஜூலை 23. ஏர் கனடாவின் புது போயிங் 767, மான்ட்ரியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் போகணும். எரிபொருள் மானி வேலை செய்யலை, அதனால் டேங்கில் அளவுகோல் வைத்து அளந்தார்கள்: 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக மாற்ற 1.77ஆல் பெருக்கினார்கள். 13,597 வந்தது. மீதி 8,703. அதை 1.77ஆல் வகுத்து, சுமார் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். கணக்கில் ஒரு பெருக்கல் பிழைகூட இல்லை. ஆனா 1.77 என்பது ஒரு லிட்டரின் எடை பவுண்டில்! கிலோவில் அது சுமார் 0.8. ஊற்ற வேண்டியது 20,000 லிட்டருக்கும் மேல். அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்கள் பவுண்டில் இருந்தன, கிலோ கணக்கு 767க்குத்தான் புதுசாக வந்தது. கம்ப்யூட்டரில் 22,300 என்று டைப் செய்தார்கள், அதுவும் நம்பிவிட்டது. இன்டெர்னல் தேர்வில் யூனிட் எழுதலைன்னு அரை மார்க் குறைச்சப்போ நான் சண்டை போட்டிருக்கேன். இனிமேல் போடமாட்டேன்.

41,000 அடியில் முதல் எச்சரிக்கை வந்தது. கொஞ்ச நேரத்தில் ரெண்டு என்ஜினும் நின்றன. மின்சாரம் தருவதும் என்ஜின்தான், அதனால் திரைகள் இருண்டன. காற்றில் சுழலும் ஒரு சின்ன டர்பைன் மட்டும் கன்ட்ரோல்களுக்கு உயிர் கொடுத்தது. உள்ளே 69 பேர். கேப்டன் ராபர்ட் பியர்சன் ஓய்வு நேரத்தில் கிளைடர் ஓட்டுகிறவர். துணை விமானி மோரிஸ் க்விண்டல், உயரமானியையும் கன்ட்ரோலர் சொன்ன தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டார்: 10 நாட்டிகல் மைலுக்கு 5,000 அடி போகுது. விகிதம் சுமார் 12. வின்னிபெக் எட்டாது. க்விண்டல் முன்பு விமானப்படையில் இருந்தபோது வேலை பார்த்த தளம் கிம்லியில் இருந்தது, அது எட்டும்.

அந்த ரன்வே கார் ரேஸ் தளமாகிவிட்டது இருவருக்கும் தெரியாது. அன்றைக்கு அங்கே குடும்பம் குடும்பமாக ஆட்கள். என்ஜின் இல்லாத விமானம், சத்தமே இல்லை.

நெருங்கும்போது நேரெதிர்ச் சிக்கல், உயரம் அதிகம். சுற்றி வந்து மறுபடி முயற்சி செய்ய வழி கிடையாது. பியர்சன் கிளைடர்காரர்களின் வித்தையைச் செய்தார். ரடரை ஒரு பக்கமும் ஐலரானை எதிர்ப்பக்கமும் திருப்பி, விமானத்தைப் பக்கவாட்டில் காற்றோடு உரசவிட்டார். வேகம் கூடாமல் உயரம் மட்டும் கரைந்தது. கடைசி நேரத்தில் நேராக்கி இறக்கினார். லாக் ஆகாத மூக்குச் சக்கரம் மடங்கி, மூக்கு தரையில் தேய்ந்து, கூட்டத்துக்கு முன்னால் விமானம் நின்றது. தரையில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகலை. பயணிகளில் சிலருக்கு லேசான காயம், அதுவும் இறங்கும்போது. மூக்கு கீழே போனதால் வால் உயர்ந்திருந்தது, பின்பக்க அவசரச் சறுக்குகள் செங்குத்தாகத் தொங்கின. அத்தனை உயரத்திலிருந்து வழுக்கி வந்ததில் அடிபடாமல், கடைசி சில மீட்டரில் சறுக்கி அடிபட்டார்கள்.

விமானத்தைச் சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள், 2008 வரை பறந்தது. 'கிம்லி கிளைடர்' என்ற பேர் கடைசி வரை அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.