உயில்

தாமிரபரணியாற்றின் கன்னடியன் கால், கோடகன் கால் நீரால் காரும் பிசானமும் விளையும் நன்செய்கள், திருநெல்வேலிச் சீமையில் வழிவழியாகக் கைமாறி வருவன. உயில் எழுதாது ஒருவர் மறையின், அவர்தம் தனிச்சொத்து 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தாய், மனைவி, மக்கள் ஆகியோர்க்குச் சமமாகப் பிரியும். பெண்மக்களுக்கும் பங்கு உண்டு.

வேறு வகையாகப் பகிர விரும்புவோர் உயில் எழுதுதல் வேண்டும். முதற்கண் பட்டாவையும் பத்திரங்களையும் திரட்டிப் புல எண்ணையும் எல்லைகளையும் ஒத்துப் பார்த்தல் நன்று. 'வாய்க்காற்கரை வயல்' என்று மட்டும் எழுதின், வாய்க்காற்கரையில் வயல்கள் எத்தனையோ! எழுதுபவர் ஒப்பமிட, இரு சாட்சிகளும் ஒப்பமிடுதல் வேண்டும். முத்திரைத்தாள் வேண்டுவதில்லை, பதிவும் கட்டாயமன்று.

உயில், எழுதியவர் மறைந்த பின்னரே பேசத் தொடங்கும். அதற்குள் புல எண் உட்பிரிவாகலாம், நிலம் கைமாறலாம். இளைய மகளுக்கென்று குறித்த வயலைத் தந்தையே பின்னாளில் விற்றுவிட்டு, உயிலைத் திருத்தாது மறைந்தார் என்று கொள்வோம். அம்மகளுக்கு வயலும் இல்லை; அதன் விலைப்பணத்திலும் அவ்வுயிலால் உரிமை இல்லை. உரிய காலத்தில் புதிய உயில் எழுதியிருப்பின், பிந்தியதே செல்லும்.

உயிலை நிறைவேற்றுவோரையும் ஆராய்ந்தே தெரிதல் வேண்டும். சென்னையில் பெருஞ்செல்வராய் விளங்கிய பச்சையப்ப முதலியார் அறங்களுக்கெனப் பொருளை ஒதுக்கி 1794 இல் மறைந்தார். அப்பொருள் நெடுங்காலம் வழக்கிற் சிக்கியது. அவர் பெயரால் பள்ளி எழுந்தது 1842 இல்தான்.