மணியடித்த கருவியும் மௌனமான கருவியும்

ஒரு கால்குலேட்டரை உழைப்பின் பிரதியாக வாசிக்க முடியுமா? 1961இல் இங்கிலாந்தின் பெல் பஞ்ச் கம்பெனி வெளியிட்ட ‘அனிட்டா’வை எடுத்துக்கொள்வோம். முழுக்க மின்னணுவால் இயங்கி விற்பனைக்கு வந்த முதல் மேசைக் கால்குலேட்டர் அது. வடிவமைத்தவர் நார்பர்ட் கிட்ஸ்.

கம்பெனியின் பெயரே ஒரு கதை. டிராம் கண்டக்டர்கள் வைத்திருந்த டிக்கெட் துளைக்கும் கருவிதான் பெல் பஞ்ச். துளைத்தால் மணி அடிக்கும். வெட்டுப்பட்ட காகிதத் துணுக்கு உள்ளேயே விழும். அதை எண்ணிப் பார்த்தால் கண்டக்டர் காசில் கை வைத்தாரா இல்லையா என்று தெரிஞ்சுபோகும். எண்ணுவது என்பது இங்கே தொடக்கத்திலேயே கண்காணிப்புதான்.

அனிட்டாவில் மணி இல்லை, கடகட சத்தமும் இல்லை. பல்சக்கரங்களின் இடத்தில் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழல்கள். ரேடியோ வால்வு மாதிரி இவை சூடேறக் காத்திருக்க வேண்டாம். 7 என்றால் ஏழு மின்துடிப்புகள்; வளையமாகக் கோத்த குழல்களில் ஒளி ஏழு படி நகரும். விடை நிக்ஸி குழல்களில் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். ஒவ்வொரு குழலுக்குள்ளும் கம்பியால் வளைத்த பத்து எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. அதனால எண் மாறும்போது ஒளி சற்று முன்னே வரும், பின்னே போகும்.

உள்ளே எல்லாம் புதுசு. விசைப்பலகை மட்டும் பழசு. ஒன்று, பத்து, நூறு என ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி வரிசை. வரிசைக்கு 1 முதல் 9 வரை விசைகள். இந்த வரிசைகளில் பூஜ்யத்துக்கு விசை கிடையாது. 4005 வேண்டுமா? ஆயிர வரிசையில் 4, ஒன்றின் வரிசையில் 5. நடுவில் தொடாமல் விடுவதே பூஜ்யம்.

ஏன் இந்தப் பழமை? விரல்களுக்காக. 1880களில் அமெரிக்காவில் டார் ஃபெல்ட் உருவாக்கிய கம்ப்டாமீட்டரும், பெல் பஞ்ச்சின் சொந்தத் தயாரிப்பான சம்லாக்கும் இதே பலகை கொண்டவை. அவற்றில் பழகியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பலகையைப் பார்க்காமலே கணக்குப் போடுவார்கள்; கம்ப்டாமீட்டரில் பல விசைகளை ஒரே சமயத்தில் அழுத்துவார்கள். அந்த உடல்களில் படிந்திருந்த அறிவைத்தான் அனிட்டா தன் முகப்பாக மாட்டிக்கொண்டது. வடிவமைத்தவர் பெயர் வரலாற்றில் இருக்கு. அந்த விரல்களுக்குப் பெயரில்லை.

இயந்திரம் உழைப்பாளியிடம் பணிந்தது என்று இதைக் கொண்டாடிவிடவும் முடியாது. 1960களின் நடுவில் ஃப்ரைடன் ஈசி-130 போன்ற டிரான்சிஸ்டர் கால்குலேட்டர்கள் பத்தே விசைகளோடு வந்தன. 1970களில் சில்லு வந்து விலை சரிந்தபோது பத்து விசைதான் எங்கும் நின்றது. யாரும் அழுத்தலாம், அதில் ஒரு ஜனநாயகம் உண்டு. ஆனால் யாரும் செய்யக்கூடிய வேலைக்குக் கூலி பேசுகிற பலம் குறைவு. இரண்டும் ஒரே வடிவமைப்புக்குள்தான் இருக்கின்றன.

இயந்திரம் ஆளைத் தின்னுதுன்னு பேசிக்கிட்டிருக்கோம். தின்கிறதுக்கு முன்னால அது ஆளைக் கத்துக்குது. அந்தக் கற்றலின் தடயம் விசைப்பலகையில் கிடக்கிறது. அதை வாசிக்காத தொழில்நுட்ப விமர்சனம் பாதி விமர்சனம்தான்.