டேபுக்கு ஒரு ரைஹால்

திருக்குர்ஆனை வைத்து ஓதும் ரைஹால் இல்லாத முஸ்லிம் இல்லங்கள் மிகக் குறைவு. ஒரே பலகையைப் பிளந்து, ஆணியோ பசையோ இன்றி ஒன்றையொன்று கோத்து விரியும்படி செய்த அந்த எளிய பொருளில் எத்தனை கணக்கு ஒளிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விரித்து வைத்தால் அதன் கால்கள் இருபுறமும் சம தூரம் விலகி நிற்கின்றன. மேலே வைக்கும் வேதத்தின் பாரம் அவ்விரண்டுக்கும் நடுவிலேயே இறங்குகிறது. ஆகவே அது சாய்வதில்லை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஹிஜ்ரி 761, அதாவது கி.பி. 1360 என ஆண்டு பொறித்த ஒரு ரைஹால் உண்டு. அதைச் செய்த ஹஸன் சுலைமான் இஸ்ஃபஹானியின் பெயரும் அதிலேயே இருக்கிறது. இன்று நம் வீட்டிலுள்ளதற்கும் அதற்கும் அமைப்பில் பெரிய வேற்றுமை கிடையாது.

ஆனால் இப்போது வீட்டுக்குள் டேப் வந்துவிட்டது. கண்பார்வை மங்கிய முதியோர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்து ஓதுகின்றனர். பிள்ளைகள் தொலைவிலுள்ள ஹஜ்ரத்திடம் அதன் வழியே பாடம் கேட்கின்றனர். (இதன் மார்க்கச் சட்டம் பற்றி ஐயமுள்ளோர் ஆலிம்களை அணுகித் தெளிவு பெறுக. நம் கட்டுரையின் பொருள் தச்சு வேலை மட்டுமே.) பத்தாம் தலைமுறை ஐபேடின் எடை ஏறத்தாழ 480 கிராம். மூட்டுவலியுள்ள கை அதை அரைமணி நேரம் ஏந்தியிருப்பது எளிதன்று. ஆகவே தலையணையிலோ டப்பாவிலோ சாய்த்து வைக்கிறார்கள். பக்கம் புரட்ட விரல் வைத்ததும் அது பின்னால் விழுகிறது. திரை உடைந்தால் பணம் போவதோடு முடிவதில்லை. மகனிடம் மீண்டும் கேட்கக் கூசி, "எனக்கு இனி வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொள்ளும் தாய்மார் உண்டு.

டேபை ரைஹாலிலேயே வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்தான், ஆனால் விரித்த நூலுக்கென அமைந்த பள்ளத்தில் ஒற்றைத் தகடு ஒருபக்கமாகவே கிடக்கும். மின்னேற்றும் கம்பியும் அடியில் நசுங்கும். ஆகவே அதற்கென ஒரு தாங்கியை நாமே வடிவமைப்போம். கணினி அறிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு விடுமுறை நாள் போதும்.

திரையில் வரையும் தச்சர்

கணினியில் வடிவமைக்கும் மென்பொருள்களுள் ஃபிரீகேட் என்பது முற்றிலும் இலவசம். சிறுவர்களுக்கு டிங்கர்கேட் எளிது. எனினும் இந்த வேலைக்கு நான் ஃபிரீகேடையே சொல்வேன். காரணம், அதில் கோட்டை வரைந்தபின் அதன் நீளத்தையும் கோணத்தையும் எண்ணாகக் கொடுக்கலாம். பிறகு அந்த எண்ணை மாற்றினால் உருவம் முழுவதும் தானே மாறிக்கொள்ளும். காகிதத்தில் வரைந்தவர் அழித்து அழித்து வரைந்த வேலை இது. எல்லா அளவும் குறைவின்றிக் கொடுத்து முடிந்ததும் கோடுகள் பச்சையாக மாறும். அதுவரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

முதலில் தாங்கியின் பக்கவாட்டுத் தோற்றத்தை மட்டும் வரையுங்கள். தரையில் ஓர் அடித்தளம், முன்பக்கம் டேப் அமரும் ஒரு பள்ளம், அதிலிருந்து பின்னோக்கிச் சாய்ந்தெழும் ஒரு முதுகு. பின்னர் அந்த உருவத்தை 120 மில்லிமீட்டர் அகலத்துக்கு நீட்டச் சொன்னால் கனவடிவம் ஆகிவிடும். டேபின் தடிமன் 7 மில்லிமீட்டர்தானே என்று பள்ளத்தை 7 என்றே வைத்துவிடாதீர்கள். உறையோடு சேர்த்து அளந்து, அதற்குமேல் 2 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். நெடுக்காக நிறுத்தினால் மின்னேற்றும் துளை கீழே வரும். பள்ளத்தின் நடுவில் 20 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெட்டும் வேண்டும்.

பாரம் எங்கே இறங்குகிறது?

இனிச் சமநிலைக்கு வருவோம். ஒரு பொருளின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளியிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு அடித்தளத்துக்குள் விழுந்தால் பொருள் நிற்கும். வெளியே விழுந்தால் சாயும். கிரேக்கர் தொடங்கிய இந்த ஆய்வை விரித்தவர்களுள் மெர்வ் நகரத்து அல்காஸினி முக்கியமானவர். ஹிஜ்ரி 515இல், அதாவது கி.பி. 1121இல், அவர் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' தராசையும் பார மையத்தையும் பற்றிய பெருநூல்.

குர்ஆன் பக்கம் முழுதாகத் தெரிய டேபை நெடுக்காக நிறுத்த வேண்டும். அப்போது அதன் உயரம் 250 மில்லிமீட்டர். மேசையோடு 65 பாகைக் கோணத்தில் சாய்த்தால் அதன் பார மையம் கீழ்விளிம்பிலிருந்து 53 மில்லிமீட்டர் பின்னால் அமையும். எனவே அடித்தளம் அவ்விளிம்புக்குப் பின்னால் 80 மில்லிமீட்டர் நீண்டால் தாராளம் என்று தோன்றும். சும்மா நிற்கும்வரை அது உண்மையே.

விரல் பட்டதும் கணக்கு மாறுகிறது. திரையின் மேல் விளிம்பை 100 கிராம் பாரத்துக்குச் சமமாக ஒருவர் அழுத்துவதாகக் கொள்வோம். டேப் அமரும் பள்ளம் மேசையிலிருந்து 15 மில்லிமீட்டர் உயரம். தாங்கியின் எடை 150 கிராம். அடித்தளம் முன்புறமும் 20 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது. பின்கால் முனையை அச்சாகக் கொண்டு, எடையைத் தூரத்தால் பெருக்கிப் பாருங்கள். கவிழ்க்கும் வலு சுமார் 23,000; பிடித்து நிறுத்தும் வலுவோ சுமார் 20,500 மட்டுமே. டேப் மல்லாந்துவிடும்! பின்நீளத்தை 110 ஆக்கினால் நிறுத்தும் வலு 37,000 ஆக உயர்கிறது. கவிழ்க்கும் வலு 22,000க்குள் நின்றுவிடுகிறது. வெறும் 30 மில்லிமீட்டர், இரண்டு விரல் அகலம்கூட இல்லை, எவ்வளவு வேற்றுமை செய்கிறது பாருங்கள். கடைகளில் அழகாக விற்கும் குட்டையான தாங்கிகள் பல ஏன் தள்ளாடுகின்றன என்பதும் இதனால் விளங்கும்.

தாங்கியின் பார மையத்தை மென்பொருளே கணக்கிட்டுத் தரும். அதிலும் ஒரு கண் வையுங்கள். மென்பொருள் அதைக் கெட்டியான கட்டியாகவே எண்ணுகிறது. முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்தெடுக்கும் பொருளோ உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். கணக்கில் 150 என வந்தது கையில் அதற்கும் குறைவாகவே நிற்கலாம். அடித்தளத்தில் ஒரு பொந்து விட்டு, இரும்புத் துண்டை வைத்து மூடினால் குறை தீரும். மரத்தில் செய்வோருக்கு இந்தத் தொல்லை இல்லை. கீழே நான்கு ரப்பர் வில்லைகள் ஒட்டினால் வழுக்காது.

ஆசாரியிடமோ அச்சிடும் கடையிலோ கொடுப்பதற்கு முன், பக்கவாட்டுப் படத்தை உண்மை அளவிலேயே காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே 100 மில்லிமீட்டரில் ஒரு கோடும் வரைந்து, அச்சானபின் அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். அச்சுப்பொறிகள் சொல்லாமலே படத்தைச் சுருக்கிவிடும். அந்தக் காகிதத்தை வைத்துத் தடித்த அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியில் டேபை நிறுத்தி, யாருக்காகச் செய்கிறீர்களோ அவரையே ஒரு பக்கம் ஓதச் சொல்லுங்கள். நாற்காலியில் அமர்பவருக்கு 65 பாகை சரியாக இருக்கலாம். பாயில் அமர்ந்து குனிந்து ஓதுபவருக்கு 50 பாகை இதமாக இருக்கக்கூடும். அப்படியானால் பார மையம் 80 மில்லிமீட்டருக்குப் பின்வாங்கிவிடும். அடித்தளத்தின் பின்நீளத்தையும் 110லிருந்து 140 ஆக்கிவிட்டுப் பிறகு அறுக்கச் சொல்லுங்கள்.