சாய்வு இருக்கையும் அதன் வலிமையும்

சாதாரணச் சைக்கிளில் செல்பவர் மேட்டில் ஏறும்போது இருக்கையை விட்டு எழுந்து, தம் உடலின் எடை முழுவதையும் பெடலின்மீது செலுத்துவார். அவ்வேளையில் இருக்கைக்கு வேலையே இல்லை. முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சாய்வுச் சைக்கிளிலோ நிலைமை வேறு. கால் எவ்வளவு விசையுடன் பெடலை முன்னே தள்ளுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு விசையுடன் முதுகு இருக்கையைப் பின்னே தள்ளுகிறது. ஆகவே இங்கு இருக்கை வெறும் ஆசனமன்று. யந்திரத்தின் ஓர் உறுப்பாகும்.

இவ்வகை வண்டி புதியதன்று. பிரான்சு நாட்டினரான ஷார்ல் மோஷே அமைத்த சாய்வுச் சைக்கிளில், ஃபிரான்சிஸ் ஃபோர் என்பவர் 1933 ஜூலை 7 ஆம் நாள் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் சென்றார். 1914 ஆம் ஆண்டின் 44.247 கிலோமீட்டர் சாதனையை இது விஞ்சியது. ஆயினும் சர்வதேசச் சைக்கிள் சங்கம் 1934 இல் இவ்வமைப்பைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவிட்டது.

நம் நாட்டில் சாய்வுச் சைக்கிள் அரிது. எனினும், கால் ஊனமுற்றோர் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் இதே தத்துவத்தைக் காணலாம். கைப்பிடியை முன்னே தள்ளுந்தோறும் முதுகு பின்னே அழுந்துகிறது. கான்பூரில் 1972 இல் நிறுவப்பெற்ற இந்தியச் செயற்கை உறுப்பு உற்பத்திக் கழகம் இத்தகைய வண்டிகளைச் செய்து வருகிறது. செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியிலாயினும் தமிழ்நாட்டுச் சிற்றூரிலாயினும், இவ்வண்டியின் இருக்கை பழுதுற்றால் அதனைச் செப்பனிடுபவர் பெரும்பாலும் அருகிலுள்ள வெல்டிங் பட்டறைக்காரரே. எனவே இதன் இயல்பைக் களப் பணியாளர் அறிந்திருத்தல் நலம்.

முறியும் இடம்

முதுகுத் தாங்கி நிமிர்ந்து நிற்பதாகவும், அதன் அடியிலிருந்து 25 சென்டிமீட்டர் உயரத்தில் 60 கிலோகிராம் விசை தாக்குவதாகவும் கொள்வோம். அடியிலுள்ள இரு போல்ட்டுகளுக்கு இடையே 5 சென்டிமீட்டர் தூரமே இருப்பின், நெம்புகோல் விதிப்படி ஒவ்வொன்றும் 300 கிலோகிராம் விசையைத் தாங்க வேண்டும். இவ்விசை சுற்றுக்கொரு முறை வந்து நீங்குகிறது. பல்லாயிரம் முறை இவ்வாறு நிகழும்போது உலோகம் சோர்வுற்று, பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் விரிசல் காண்கிறது.

அவ்விடத்தில் கனத்த தகட்டை ஒட்டவைப்பது பலர் செய்யும் பரிகாரம். இதனால் விரிசல் தகட்டின் ஓரத்திற்கு இடம் மாறுவதும் உண்டு. முதுகுத் தாங்கியின் மேற்பகுதியிலிருந்து பின் அச்சு வரை, இரு புறமும் சாய்வான தாங்குகுழாய்களைப் பொருத்துவதே மேலான வழி. அவை விசை தாக்கும் உயரத்திலேயே, 45 பாகைச் சாய்வில் அமைந்தால், ஒவ்வொன்றும் சுமார் 42 கிலோகிராம் அழுத்தத்தையே ஏற்கும். அடிப் போல்ட்டுகளை வளைத்துப் பிடுங்கும் விசை பெரும்பாலும் நீங்கும். கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டத்தின் தத்துவமும் இதுவே.

இருக்கைப் பரப்பு

நாடாக் கட்டில் போல் பின்னிய இருக்கை காற்றோட்டம் தரும், வியர்வையைக் குறைக்கும். ஆனால் நாடாவின் இழுவை பக்கக் குழாய்களை உட்புறம் வளைக்குமாதலின், அவற்றிற்கிடையே ஒரு குறுக்குக் குழாய் தேவை. அது முதுகெலும்பில் இடிக்காதவாறு பின்புறம் வளைந்திருக்க வேண்டும். இருக்கையின் முன்விளிம்பு சற்று உயர்ந்திருப்பின் உடல் முன்னே வழுகாது. இடுப்பிற்குக் கீழ் உணர்ச்சியற்றவர்க்கு நாடா மட்டும் போதாது. அழுத்தப் புண் உண்டாகலாம். மருத்துவர் கூறும் மெத்தை அவர்க்கு இன்றியமையாதது.

மாதம் ஒரு முறை பெயின்ட்டில் மயிரிழை விரிசல், மெல்லிய துருக்கோடு, புதிய கிறீச்சொலி ஆகியவற்றைத் தேடிப் பார்த்தல் வேண்டும். இருக்கை முறிந்தால் சாதாரணச் சைக்கிளோட்டி காலை ஊன்றித் தப்பலாம். காலை ஊன்ற இயலாதவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. செப்பனிட்ட வண்டியைச் சக்கரங்கள் உருளாதவாறு தடுத்து, வலிமையுள்ள ஒருவர் அமர்ந்து முழு விசையுடன் தள்ளிச் சோதித்த பின்னரே உரியவரிடம் ஒப்படைத்தல் தகும்.