குழந்தை உரிமைப் பாதுகாப்பும் இளஞ்சிறார் குற்றத் தடுப்பும்: இளைஞர் நீதிச் சட்டம் 2015-ஐ முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இளஞ்சிறார் குற்றம் பெரும்பாலும் காவல்துறையும் நீதிமன்றமும் கையாள வேண்டிய சிக்கலாகவே நோக்கப்படுகிறது. ஆயினும் குற்றச்செயல் நிகழ்வதற்கு முன்பே அக்குழந்தையின் கல்வி, உழைப்பு, பாதுகாப்பு சார்ந்த உரிமைகள் மறுக்கப்பட்டிருக்கக்கூடும். இவ்வுண்மையை இளைஞர் நீதிச் சட்டம் ஏற்கும் இடங்களையும், பிற சட்டங்களோடு இணைத்து நோக்குங்கால் புலப்படும் இடைவெளியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குழந்தை உரிமை, இளைஞர் நீதி, கூர்நோக்கு இல்லம், குற்றத் தடுப்பு, கட்டாயக் கல்வி.

முன்னுரை

சிறார்க்கெனத் தனிச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவில் முன்னோடியாக விளங்கியது சென்னை மாகாணமாகும். 1920இல் இயற்றப்பட்ட சென்னைச் சிறார் சட்டத்தைத் தொடர்ந்து வங்காளம் 1922இலும், பம்பாய் 1924இலும் இத்தகைய சட்டங்களை இயற்றின. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. 1986, 2000 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின், தற்போதைய சட்டம் 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது.

இரு பிரிவினரும் ஒரே குழந்தையும்

இச்சட்டம் 18 வயது நிறைவடையாதோரை இரு வகையினராகக் காண்கிறது. 'பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை' குழந்தைகள் நலக் குழுவின் முன்னும், 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னும் நிறுத்தப்படுகின்றனர். நடைமுறையில் இவ்விருவரும் ஒருவராகவே இருத்தல் கூடும். தெருவில் வாழும் சிறுவனைப் பெரியவர் ஒருவர் போதைப்பொருள் கடத்தப் பயன்படுத்தினால், அவன் குற்றஞ்சாட்டப்பட்டவன். அதே வேளையில் சுரண்டலுக்கு ஆளானவனும் ஆவான்.

சட்டம் இதனை அறியாததன்று. ஒரு குழந்தை ஒரே நேரத்தில் இரு நிலையிலும் இருக்கலாம் என்பதைப் பிரிவு 8(3)(ஜி) வெளிப்படையாகவே ஏற்று, குழுமமும் நலக் குழுவும் இணைந்து செயல்பட வழிவகுக்கிறது. சட்டவிரோதச் செயல்களுக்குக் குழந்தைகளைப் பயன்படுத்தும் பெரியவர்க்குப் பிரிவு 83 ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. எனவே விசாரணை 'இவன் என்ன செய்தான்?' என்பதோடு நில்லாமல் 'இவனைச் செய்வித்தவர் யார்?' என்பது வரை செல்லுதல் வேண்டும்.

வயதின் இடைவெளி

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கே இலவசக் கட்டாயக் கல்வியை உறுதிசெய்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்கிறது. 14 முதல் 18 வயது வரையுள்ளோர்க்கு அபாயகரமான தொழில்களில் மட்டுமே அத்தடை பொருந்தும். மறுபுறம், 16 வயது நிறைந்த ஒருவர் கொடுங்குற்றம் புரிந்ததாகக் கூறப்படுமாயின், அவரை வயதுவந்தவராகக் கருதி விசாரிக்கலாமா எனப் பிரிவு 15இன்கீழ் முதற்கட்ட மதிப்பீடு செய்யப்படுகிறது.

இவற்றை ஒருசேர நோக்கினால் முரண் தெளிவாகிறது. கல்வியளிக்கும் கட்டாயக் கடமையிலிருந்து அரசு 14 வயதில் விலகுகிறது. 16 வயதில் முழுப் பொறுப்பை அவ்விளையோரிடம் எதிர்பார்க்கிறது. பள்ளியிலிருந்து இடைநின்ற ஒருவர் எவருடைய கண்காணிப்பும் இன்றிக் கழிக்கும் காலம் இதுவே. முதற்கட்ட மதிப்பீடு நுட்பமான பணி என்பதனை 2022இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. குழுமத்தில் உளவியல் அறிந்தோர் இல்லாதபோது வல்லுநர் உதவி கட்டாயம் என்றும் தெளிவுபடுத்தியது.

நிறுவனங்களின் நிலை

எக்குழந்தையையும் காவல்நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைத்தல் கூடாது என்பதும், 24 மணி நேரத்திற்குள் குழுமத்தின்முன் நிறுத்துதல் வேண்டும் என்பதும் பிரிவு 10இன் ஆணை. எனினும், கூர்நோக்கு இல்லமே அச்சம் தரும் இடமாகுமாயின் அவ்வாணை பொருளிழக்கும். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில் அடைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் 2022 டிசம்பர் இறுதியில் உயிரிழந்த நிகழ்வு இதனை உணர்த்தியது. அதன்பின் தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2023இல் அக்குழு இல்லங்களின் சீர்திருத்தம் குறித்து அறிக்கை அளித்தது. சீர்திருத்துவதற்கென அமைந்த இடத்தில் உயிருக்கே காப்பு இல்லையெனின், மறுவாழ்வு குறித்த பிற விதிகள் யாவும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

தடுப்பு நோக்கிய வழிகள்

குழந்தை பிடிபட்ட பின்னர், இரண்டு வாரத்திற்குள் நன்னடத்தை அலுவலர் சமூகப் பின்னணி அறிக்கை அளித்தல் வேண்டும். குடும்பம், பள்ளி, வேலை, நட்பு ஆகியவை அதில் பதிவாகின்றன. குழந்தையின் வாழ்வை அரசு முழுமையாகக் கேட்டறிவது குற்றத்திற்குப் பின்னரே என்பது வருந்தத்தக்கது. இவ்வறிக்கைகளிலிருந்து, அடையாளங்களை வெளியிடலாகாது என்னும் பிரிவு 74க்கு உட்பட்டு, பொதுவான காரணங்களை மட்டும் தொகுத்து மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிற்கு ஆண்டுதோறும் அளிக்கலாம். எப்பகுதியில் இடைநிற்றல் மிகுதி, எங்கே போதைப்பொருள் பரவுகிறது என்பன அதனால் புலப்படும். எட்டாம் வகுப்பிற்குப் பின் இடைநிற்போரைக் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் தொடர்ந்து கவனிக்கலாம். அக்கவனிப்பு உதவியாக அமைதல் வேண்டும். முத்திரை குத்துவதாக மாறிவிடலாகாது. இளையோரை நெறி பிறழ்ந்தவர் என முத்திரையிடுதலே அந்நடத்தையை நிலைபெறச் செய்யும் என 1990ஆம் ஆண்டின் ரியாத் நெறிமுறைகளும் எச்சரிக்கின்றன.

முடிவுரை

உரிமைப் பாதுகாப்பும் குற்றத் தடுப்பும் வெவ்வேறு துறைகளின் பணிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பினும், அவை ஒரே குழந்தையின் வாழ்வில் அடுத்தடுத்து நிகழ்பவை. பிரிவு 8(3)(ஜி) இவ்விரண்டையும் இணைக்கும் சட்டவழியைத் திறந்துள்ளது. 14 முதல் 18 வயது வரையிலான கல்விப் பாதுகாப்பை உறுதிசெய்வதும், இல்லங்களை அச்சமற்ற இடங்களாக்குவதும், பின்னணி அறிக்கைகளைத் தடுப்பிற்குப் பயன்படுத்துவதும் அவ்வழியில் எடுத்துவைக்க வேண்டிய அடிகளாகும்.