கொள்ளி வைக்க இயலாத பிள்ளைகளின் கடன்

தந்தையாரின் இறுதிக் கிரியைகளைக் கைத்தொலைபேசித் திரையில் கண்டு கண்ணீர் சொரியும் பிள்ளைகள் ட்ருகனினாவிலே பலர் உளர். தந்தைக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது எமது சைவ மரபு. அக்கொள்ளியை ஊரிலே தம்பியோ பெறாமகனோ ஏந்த, உரியவர் இங்கே தனித்திருந்து அழுகின்றார்.

இது மனமின்மையால் நேர்வதன்று. தற்காலிகப் பாதுகாப்பு விசா பெற்றோர், தாம் அஞ்சி வெளியேறிய நாட்டுக்குச் செல்ல விசா நிபந்தனை இடமளிப்பதில்லை. 2023 பெப்ரவரியில் அவ்விசா உடையோர்க்கு நிரந்தர வதிவிடத்துக்கான வழி திறந்தது. ஆயினும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுப் பிரிட்ஜிங் விசாவிலே காத்திருப்போர் புறப்பட்டால் திரும்பி வருதல் அரிது.

ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தோர் கீரிமலையில் நீராடிப் பிதிர்க்கடன் செய்து, காத்தோட்டிக்காய்க் கறியோடு விரதம் முடிப்பர். இங்கே அக்கேணி இல்லை. ஆனால் சன்சைன் வடக்கிலே முருகன் ஆலயமும் கரம் டவுன்சிலே சிவா விஷ்ணு ஆலயமும் உண்டு. எள்ளும் நீரும் எங்கும் உண்டு. எனினும், கிரியையால் மட்டும் நிறைவுறாத கடன் ஒன்றுளது. அது, அப்பப்பாவைக் கண்டிராத பிள்ளைகளுக்கு அவர் யாரென அறியச் செய்தல்.

இதற்கு எம் முன்னோர் வழி வகுத்துள்ளனர். 31ஆம் நாளில் வழங்கும் நினைவுமலரைக் ‘கல்வெட்டு’ என்போம். திதி வெண்பா, தேவார திருவாசகங்கள், வம்சாவளி, வாழ்க்கை வரலாறு ஆகியன அதில் இடம்பெறும். கொள்ளி வைக்க விசா தடையாகலாம். கல்வெட்டு எழுத எந்த விசாவும் வேண்டுவதில்லை.

ஆசிரியப் பணியாற்றியவர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். அடைமொழிகளைக் குறைத்துச் செய்திகளைக் கூட்டுங்கள். எமது தந்தையார் கமக்காரர். ‘நல்லவர், வல்லவர்’ என எழுதாது, 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவர் சைக்கிளிலே விதைவெங்காய மூட்டையைக் கட்டிச் சென்றதை எழுதினோம். அதைப் படித்த எம் மகள், “அப்பப்பா ஏன் வெங்காயத்தைக் கொண்டுபோனவர்?” என்று கேட்டாள். மீண்டும் ஊருக்குத் திரும்பி நடலாம் என்று அவர் நம்பினார் என்றோம். அன்று மாலை முழுதும் அவரைப் பற்றியே பேசினோம்.

நாம் வாழும் இவ்வூரின் பெயர், தஸ்மேனியப் பூர்வகுடிப் பெண்மணி ட்ருகனினியை நினைவூட்டுவது. 1876இல் மறைந்த அவருடைய எலும்புக்கூடு 1947 வரை அருங்காட்சியகத்திலே காட்சிப்பொருளாயிருந்தது. 1976இல்தான் தகனம் நிகழ்ந்து, சாம்பல் அவரது தாயகக் கடலிலே கரைக்கப்பட்டது. நூறாண்டு தாழ்த்தும் அவருடைய மக்கள் அக்கடனை மறக்கவில்லை. நாமும் தாமதமாயிற்றே என்று விட்டுவிடலாகாது.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பின்னர், ஒற்றைப் பிரதியை நம்பியிருத்தல் தகாதென்பதை அறிவோம். 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஈழத்து நினைவுமலர்களையும் மின்வடிவிலே பேணி வருகின்றது. அங்கும் ஒரு படி சேர்வது நன்று.

அப்பாவின் இளமையை அறிந்தவர்கள் இன்று ஊரிலே தளர்ந்திருக்கும் அம்மாவும் மாமாவும் பெரியப்பாவுமே. இவ்வார இறுதியிலே அவர்களுடன் பேசும்போது ஒரு கொப்பியையும் பேனாவையும் அருகில் வைத்திருங்கள்.